தனசேகர் அண்ணன் திரும்பிப் பார்க்காத மீன்

வெள்ளிமலையிலிருந்து இறங்கும் பேருந்தில், ஒரு வளைவுக்குப் பிறகுதான் போனுக்கு உயிர் வரும். அன்று அது சட்டைப்பையில் விடாமல் அதிர்ந்தது. மெஸ்ஸில் என்னோடு சாப்பிடுகிற நீங்கள் எல்லோரும் ஒரே வரியை அனுப்பியிருந்தீர்கள். தனசேகர் அண்ணன் போய்விட்டார். காய்கறி வாங்கப் போன இடத்தில் மாரடைப்பு. உடனே இறங்கிவிட வேண்டும் போலிருந்தது. மலைப்பாதையில் எங்கே இறங்குவது?

கள்ளக்குறிச்சியில் அவருடைய மெஸ்ஸில் நாம் யாரும் நிம்மதியாகச் சாப்பிட்டதில்லை. வாளியும் கரண்டியுமாகத் தலைக்கு மேல் நிற்பார். "இன்னா சார், கோழியாட்டம் கொத்திக்கினு இருக்க? சோத்த அள்ளு." கையால் இலையை மறைத்தால் விரலிடுக்கில் ஊற்றுவார். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அந்த மனிதர் வளர்ப்பதற்கென்று ஒரு கடல் மீன் வாங்கினார். சென்னையில் ஏதோ கடையில் பார்த்துவிட்டார். மஞ்சள் உடல், ஊசி போல நீண்ட வாய். பட்டாம்பூச்சி மீன். கல்லாவுக்குப் பக்கத்தில் தொட்டி வைத்து, உப்புக் கலந்து, தண்ணீரைப் பல நாள் ஓடவிட்டுப் பக்குவமாக்கி, பிறகுதான் மீனைக் கொண்டுவந்தார். எல்லாம் சரியாகச் செய்தார். மீன் சாப்பிடவில்லை.

கடைத் தீனியைத் துப்பியது. இறாலைப் பொடியாக அரிந்து, பூண்டுச் சாற்றில் ஊறவைத்துப் போட்டார். அருகில் வந்து பார்த்துவிட்டுத் தொட்டிக்குள் இருந்த கல்லுக்குப் பின்னால் போய்விட்டது. உடனே இன்னொரு சிட்டிகை. அதன் மேல் இன்னொன்று. இலையில் மிச்சம் இருக்கும்போதே அடுத்த கரண்டி வைக்கிற கை அது. தின்னாத இறால் அடியில் அழுகித் தண்ணீர் கலங்கியது. அவர் மனைவி அஞ்சலை அக்கா அடுப்படியிலிருந்து கத்தினார்: "அது மீனா, மருமவனா? மேல மேல போட்டுக்கினே இருக்க. தண்ணி நாறுது பாரு."

போதாததற்கு நாமும் தொட்டியை மொய்த்தோம். "ரசம் ஊத்திப் பாருண்ணே." "ஊறுகா வச்சியா?" அண்ணன் சிரிக்கவில்லை. மீனின் வயிறு உள்ளே ஒட்டிக்கொண்டு வந்தது.

ஒரு மதியம் போனால், பெஞ்சுகள் எல்லாம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தன. "யாரும் அந்தப் பக்கம் பாக்கக் கூடாது. பாத்தா சோறு கெடையாது." ஒரே ஒரு சிட்டிகை போட்டார். வாசலுக்குப் போனார். வந்தார். மறுபடி போனார். கழுத்து மட்டும் திரும்பவே இல்லை. நான் கை கழுவ எழுந்தேன். குழாய்க்கு மேலிருந்த முகக்கண்ணாடியில் தொட்டி தெரிந்தது. மஞ்சள் நிறம் கல்லை விட்டு வெளியே வந்தது. ஒரு துணுக்கு. இன்னொன்று.

"இன்னாப்பா, துன்னுதா?"

"துன்னுதுண்ணே. திரும்பாதீங்க."

"திரும்பல." வாளியைக் கீழே வைத்தார். "பசி அதுக்கு இருக்குது. நம்ம மூஞ்சியப் பாத்துத்தான் அடங்கிப்போச்சு."

அன்று மாலையே வாளியோடு நம் தலைக்கு மேல் வந்து நின்றுவிட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். மீனுக்குக் கொடுத்த சலுகை நமக்கு இல்லை.

காரியம் முடிந்ததும் அக்கா என்னைக் கூப்பிட்டார். "நீ எடுத்துக்கினு போ தம்பி. அத்தப் பாத்தா எனக்குச் சோறு எறங்கல." முகம் வற்றியிருந்தது. தொட்டி இப்போது என் அறையில். இடம் மாறியதில் மீன் மறுபடி வாயை மூடிக்கொண்டது. நீங்கள் போன் செய்கிறீர்கள். யாரும் அண்ணனைப் பற்றிப் பேசுவதில்லை. "துன்னுச்சா?" என்று மட்டும் கேட்கிறீர்கள். இல்லை. அடுத்த நாளும் இல்லை.

இன்று காலை பூண்டு இறாலில் ஒரு சிட்டிகை போட்டேன். விரல்கள் அடுத்ததை எடுத்துவிட்டன. போடவில்லை. கதவைச் சாத்திவிட்டுத் தெருவுக்கு வந்தேன். முனை வரை நடந்தேன். திரும்பினேன். மறுபடி நடந்தேன். உள்ளே வந்தபோது மீன் கல்லுக்குப் பின்னால்தான் இருந்தது. அடிமணலில் ஒரு துணுக்கும் இல்லை. வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தேன். அதிலும் இல்லை.

தின்றிருக்கிறது. முதலில் அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். அந்தப் பக்கம் தட்டு ஒன்றை இழுக்கும் சத்தம். "சரி, நானும் ஒரு வாய் துன்றேன்" என்றார். நல்லா சாப்பிடுங்க, இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டு போனை வைத்தேன். ஒரு சிட்டிகையோடு நிறுத்திக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் இருப்பது; அண்ணனிடமிருந்து எனக்கென்று எடுத்துக்கொண்டது அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு உட்கார முடியவில்லை. வாசலுக்கும் தெருமுனைக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன்.