என் கணவர் பெயரில் இரண்டு நட்சத்திரம்

காஞ்சிபுரத்துக்கு வருகிறவர்கள் புடவை தேடி வருவார்கள், இல்லையென்றால் சாமி தேடி வருவார்கள். நான் இந்த ஊரிலேயே வாக்கப்பட்டு, பிள்ளையார்பாளையத்தில் குடியிருந்துகொண்டு, ஒன்றரை வருஷம் ஒரு நல்ல பர்கர் தேடினேன். இதை வெளியே சொன்னால் யாரும் மரியாதையாகப் பார்க்க மாட்டார்கள் என்று தெரியும். அதனால்தான் அப்போது வீட்டில் சொல்லவில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருஷம் சென்னையில் வேலை பார்த்தேன். ஹாஸ்டலுக்குப் பக்கத்தில், மாடிப்படி ஏறிப் போகிற ஒரு சின்னக் கடை இருந்தது. சம்பளம் வந்த அன்றைக்கு அங்கே ஒரு பர்கர் சாப்பிடுவேன். பன்னை அழுத்தினால் கறியின் சாறு மணிக்கட்டு வரை வழியும். அப்புறம் கல்யாணம், காஞ்சிபுரம், ஒரு பட்டுக்கடையின் மூன்றாவது மாடியில் கம்ப்யூட்டரில் புடவை டிசைன் போடுகிற வேலை. முந்தானையில் மாங்காயும் யாளியும் வரைந்துகொண்டிருக்கும்போது திடீரென்று அந்தக் கறி வாசனை மூக்கில் வந்து நிற்கும். பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் ஒருநாள் இதைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு, "எனக்கும் அப்படித்தான்க்கா இருக்குது" என்றாள்.

என்னைவிடப் பத்து வயது சின்னவள். அவள் வீட்டில் தாத்தா காலத்துக்கும் முன்னாலிருந்து ஜரிகை வியாபாரம். வேலூரில் படிக்கும்போது பர்கர் பழகியவள். அன்றைக்கே ஒப்பந்தமாகிவிட்டது. அவளிடம் ஸ்கூட்டி இருந்தது, என்னிடம் ஆசை இருந்தது.

நாள் குறிப்பதுதான் கஷ்டமாக இருந்தது. எங்கள் வீட்டில் திங்கள், செவ்வாய், வியாழன், வெள்ளி, சனி கவுச்சி கிடையாது. கிருத்திகை, அமாவாசை, பிரதோஷம் கிடையாது. புரட்டாசி முழுக்கக் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே கறி எடுப்பார்கள், வெளியே போக முடியாது. மிச்சம் புதன். அவளுக்கு ரம்ஜான் மாதம் கிடையாது, ஹலால் போர்டு இல்லாத கடை கிடையாது. கல்யாணத்துக்கு முகூர்த்தம் பார்க்கிறவர்கள்கூட இவ்வளவு யோசிக்க மாட்டார்கள். கடைசியில் மாதத்துக்கு இரண்டு புதன், மூன்று புதன் தேறியது.

வீட்டில் என்ன சொல்லிவிட்டுப் போவது? இந்த ஊரில் அதற்கு ஒரே பதில்தான். "அத்தை, அம்மன் கோயிலுக்குப் போயிட்டு வரேன்." முழுப் பொய் சொல்லக் கூடாது என்பதற்காகக் கோபுர வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தச் சொல்லி, செருப்பைக் கழற்றி, தெருவில் நின்றபடியே ஒரு கும்பிடு போடுவேன். அவள் ஹெல்மெட்டோடு காத்திருப்பாள். "நல்லா வேண்டிக்கோக்கா, இன்னிக்காவது பன்னு நல்லா இருக்கணும்" என்பாள். என் மாமியார் தெருவில் எல்லோரிடமும், "எங்க மருமக புதன் தவறாம அம்மனைப் பார்த்துடறா" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அம்மன் அவ்வளவு சீக்கிரம் செவி சாய்க்கவில்லை. முதல் கடை ஒரு பேக்கரி. பன்னைக் கடித்தால் உள்ளே சிவப்பும் பச்சையுமாக டூட்டி ஃப்ரூட்டி. கோழிக் கறிக்கும் டூட்டி ஃப்ரூட்டிக்கும் நடுவில் ஒரு தக்காளித் துண்டு சமாதானம் பேசிக்கொண்டிருந்தது. சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு கடையில் பர்கர் என்று கேட்டதற்கு, "வெங்காயம், பூண்டு போடாம செய்வோம்மா, பன்னீர் வெச்சு" என்றார் கடைக்காரர். அவர் முகத்தைப் பார்த்து எழுந்துவர மனசில்லாமல் சாப்பிட்டோம். வாலாஜாபாத் ரோட்டில் ஒரு கடையில் மூன்று அடுக்கில் ஒரு பர்கர் கொடுத்தார்கள். சாயாமல் இருக்க நடுவில் ஒரு குச்சி. அதைக் கடிக்க இரண்டு பேரும் பல தினுசாக வாயைத் திறந்து பார்த்தோம். அப்புறம் ஸ்பூன் கேட்டு வாங்கி, கலந்த சாதம் மாதிரி சாப்பிட்டோம்.

அப்படியிருக்கும்போதுதான் ரயில்வே ரோட்டில் புதுக்கடை திறந்தார்கள். இங்கிலீஷில் பெயர், ஹலால் போர்டு, கண்ணாடிக்குப் பின்னால் தொப்பியும் மாஸ்க்கும் போட்ட ஒருவர் இரும்புக் கல்லில் கறி சுட்டுக்கொண்டிருந்தார். வாசலிலேயே வாசனை வந்துவிட்டது. அவள் என் கையைப் பிடித்து, "அக்கா, இதுதான்" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது என்று இப்போது நினைக்கிறேன். பன் இனிப்பு. கறியை மாவாட்டம் அரைத்து, ரொட்டித்தூளில் புரட்டி, கட்லெட்டாக்கியிருந்தார்கள். கடித்த கடியில் மயோனைஸ் நான்கு பக்கமும் பிதுங்கி அவள் துப்பட்டாவில் விழுந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, துணி மடித்துவிட்டு, போனை எடுத்து அந்தக் கடையைப் பற்றி விமர்சனம் எழுதினேன். வாழ்க்கையில் முதல் தடவை. "கறி நல்ல கறி. அதைக் கட்லெட்டாக்கி வீணடித்திருக்கிறார்கள். பன்னில் இருக்கிற சர்க்கரைக்குக் காபி கலக்கலாம். மயோனைஸ் வெள்ளம். பர்கர் என்று பெயர் வைத்த தைரியத்துக்காக இரண்டு நட்சத்திரம்." இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். நன்றாக எழுதியிருப்பதாகவே பட்டது. அனுப்பிவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, கறிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. இறங்கியவர் என் கணவரின் சித்தப்பா. கூடவே அவர் மகன். வீட்டைப் பாகம் பிரித்தபோது ஒரு நடுச்சுவரை எங்கே எழுப்புவது என்பதில் அண்ணன் குடும்பத்துக்கும் தம்பி குடும்பத்துக்கும் சண்டையாகி, அவர்கள் பாகத்தை விற்றுவிட்டு ஓரிக்கைப் பக்கம் போனவர்கள். அதற்குப் பிறகு ஊருக்காக என் கல்யாணத்துக்கு வந்தார்கள், அன்றைக்குப் பார்த்ததோடு சரி. அப்புறம் நல்லது கெட்டதுக்குக்கூட வரவில்லை. என் மாமியார் அவரைப் பார்த்ததும் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார்.

சித்தப்பா நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன், தொடவில்லை. என் கணவரைப் பார்த்து, "சுவரு விஷயத்துல உங்கப்பனுக்கும் எனக்கும் சண்டை. அது எங்களோட. புள்ள ஒரு தொழிலு பண்ணிக்கினு இருக்கிறான், அவன் பொழப்புல ஏன்பா கை வெக்கற?" என்றார்.

என் கணவர் பட்டுக் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவர். யாருடைய பிழைப்பிலும் கை வைக்கிற அளவுக்கு அவருக்குச் சுறுசுறுப்பு கிடையாது. "நான் என்ன சித்தப்பா பண்ணேன்?" என்றார்.

மகன் போனை நீட்டினான். அதில் என் கணவரின் பெயர். பக்கத்தில் எங்கள் கல்யாணத்தில் எடுத்த பட்டுச் சட்டைப் படம். கீழே இரண்டு நட்சத்திரம். அதற்குக் கீழே என் வாக்கியங்கள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் கையில் இருந்தது அவருடைய பழைய போன். அவர் புதுசு வாங்கியபோது எனக்குக் கொடுத்தது. உள்ளே அவர் பெயரில் இருந்த கணக்கு அப்படியே இருந்திருக்கிறது. நானும் ரயில்வே ரோட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் நின்ற தொப்பிக்காரரை இப்போதுதான் மாஸ்க் இல்லாமல் பார்க்கிறேன். கல்யாணத்தன்று பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஒல்லிப் பையனுக்கு இப்போது தாடி.

என் கணவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, விரலால் தள்ளித் தள்ளிப் படித்தார். "மயோனைஸ்னா என்னா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியிலேயே அவர் குற்றவாளி இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. சித்தப்பா மகனைப் பார்த்தார், மகன் என்னைப் பார்த்தான். இனிமேல் மறைக்க வழியில்லை.

"நான்தான் எழுதனது" என்றேன். ஒன்று சொல்ல ஆரம்பித்தால் எல்லாமே வரும் போலிருக்கிறது. புதன்கிழமை, ஸ்கூட்டி, கோபுர வாசல், பேக்கரி, வாலாஜாபாத் ரோடு எல்லாவற்றையும் சொன்னேன். என் கணவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப கோயிலுக்குப் போகலையா நீ?"

"வாசல் வரைக்கும் போனேங்க."

"நீ கொண்டாந்த அந்த குங்குமம்?"

"வாசல்ல விக்கிறாங்க."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது. மாமியார் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று தெரியாமல், காபி போடுகிற சாக்கில் உள்ளே போனேன். கோயிலுக்காகத் திட்டுவார், கவுச்சிக்காகத் திட்டுவார், தெருவில் மானம் போனதற்காகத் திட்டுவார் என்று மூன்றுக்கும் தயாராகத்தான் போனேன். அவர் என்னை மூலைக்கு இழுத்து, குரலைத் தாழ்த்தி, "ரெண்டு ஸ்டாராமே? எதுக்குமா ரெண்டு? அவங்களுக்கு ஒண்ணு போதாதா?" என்றார்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு காபி எடுத்து வந்தால், சித்தப்பா தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். "மூணு வருஷம் மெட்ராஸ்ல ஓட்டல்ல நின்னு கத்துக்கினு வந்தான்மா. உங்க சின்ன மாமியாரு நகைய வெச்சுதான் கடை போட்டோம்" என்றார். எனக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. துணி மடித்த கையோடு எழுதிய நான்கு வரி ஒரு வீட்டுக்குள் போய் என்ன செய்யும் என்று அதுவரை நான் நினைத்துப் பார்க்கவில்லை. "இப்பவே அழிச்சிடறேன் மாமா" என்று போனை எடுத்தேன்.

மகன் தடுத்தான். "வேணாம் அண்ணி. கறி நல்ல கறின்னு எழுதியிருக்கீங்க இல்ல, அத யாருமே சொல்லல. நான் தினம் போய் எலும்புல இருந்து பார்த்து எடுத்துக்கினு வரேன். புதன்கிழமை வாங்க. எப்படி இருக்கணும்னு சொல்லுங்க."

போனோம். இந்தத் தடவை கோயிலுக்கு என்று சொல்லாமல் போனோம். அது கொஞ்சம் வெறிச்சென்றுதான் இருந்தது. எப்படி இருக்கணும் என்று என்னால் சொல்லத் தெரியவில்லை. "சாறு வழியணும்" என்றேன், அவ்வளவுதான். சொல்லத் தெரிந்தவள் என் தோழி. "அண்ணா, மிஷின்ல போடாதீங்க. எங்கம்மி கபாபுக்குக் கத்தியால கொத்துவாங்க. கொழுப்பையும் சேத்துக் கொத்தணும். அழுத்திப் பிசையவே கூடாது" என்றாள். மறு புதன் அவள் அம்மாவையே ஸ்கூட்டியில் உட்காரவைத்துக் கூட்டிவந்துவிட்டாள். அந்தம்மா கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கத்தி மொக்கையா இருக்குதேபா" என்றார். சித்தப்பா மகன் பேக்கரியில் சொல்லி, சர்க்கரை போடாத பன் வரவழைத்தான். கல்லில் நெய் தடவி வாட்டினான். மூன்றாவது புதனோ நான்காவது புதனோ, நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் கடித்தோம். சாறு மணிக்கட்டில் வழிந்தது. நான் துடைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். சென்னை மாடிக்கடையைவிட நன்றாக இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது என்றால் மிளகு என்று சொல்லலாம், ஆனால் மிளகு கம்மியாகத்தான் போட்டிருந்தான்.

"அண்ணி ஸ்பெஷல்" என்று போர்டில் எழுதி வைத்தான். காலேஜ் பிள்ளைகள் வந்தார்கள், வாங்கினார்கள், பிரித்துப் பார்த்தார்கள். "ப்ரோ, மயோ போட மறந்துட்டீங்க." "ப்ரோ, பன்னு சப்புனு இருக்குது." மறுநாள் பழையபடி கட்லெட் பர்கரே கேட்டார்கள். நான் இரண்டு நட்சத்திரம் போட்ட பர்கருக்கு வரிசை நின்றது. ஊரிலேயே சிறந்த பர்கரை நானும் அவளும் மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

என் கணவரை நம்பினேன். ஒரு புதன்கிழமை வற்புறுத்திக் கூட்டிப்போய், இரண்டையும் எதிரில் வைத்தேன். இரண்டையும் கடைசித் துணுக்கு வரை சாப்பிட்டார். மீசையில் மயோனைஸோடு யோசித்துவிட்டு, கட்லெட்டைக் காட்டி, "இது நல்லா இருக்குதே. இதயா திட்டின?" என்றார். என் கணவரும் சித்தப்பா மகனும் ஒரே அணியாகிச் சிரித்தார்கள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவர்கள் சேர்ந்து சிரிப்பதற்கு என் நாக்குத்தான் கிடைத்தது.

அன்றைக்குச் சித்தப்பாவும் கடைக்கு வந்திருந்தார். பிற்பகல் வரை தறியில் உட்கார்ந்துவிட்டு, டீ குடிக்கிற நேரத்துக்கு மகனைப் பார்க்க வருகிறவர். அவரிடம் ஒரு அண்ணி ஸ்பெஷலைக் கொடுத்தேன். அவர் அதை எப்படிப் பிடிப்பது என்று இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு தட்டில் வைத்து, பன்னை இரண்டாகப் பிரித்து ஓரமாக வைத்தார். கறியைக் கையால் பிய்த்து, பச்சை வெங்காயத்தோடு, கண்ணை மூடி, மெதுவாகச் சாப்பிட்டு முடித்தார். அப்புறம் பன்னை எடுத்து டீயில் தோய்த்துத் தின்றார்.

"கறி அபாரமா இருக்குதுமா" என்றார். "நடுவுல வெச்சு ஏன் மறைக்கிறீங்க?"

மகன் வந்து அந்தக் காலித் தட்டை எடுத்துக்கொண்டான். அடுத்த வாரம் போர்டில் அண்ணி ஸ்பெஷலை அழித்துவிட்டு, "கொத்துக் கபாப், வெங்காயத்துடன்" என்று எழுதினான். இப்போது ஆறு மணிக்கெல்லாம் தீர்ந்துபோகிறது. போன புதன் நாங்கள் கொஞ்சம் தாமதமாகப் போனோம். பன் நிறைய இருந்தது.