மூன்று காலைக்குத் தண்ணீர்

1961 செப்டம்பர் 14, வியாழக்கிழமை. காலை நான்கு ஐம்பதுக்கு எழுந்தேன். பல் துலக்கி, கிணற்றடியில் ஐந்து வாளி குளித்து, காபி குடித்தேன். ஐந்து நாற்பதுக்குச் சைக்கிளை எடுத்தேன். பின்சக்கரத்தில் காற்று குறைவு. ஆமத்தூர்ப் பக்கமுள்ள எங்கள் பட்டாசுத் தொழிற்சாலைக்கு ஆறு முப்பதுக்குப் போய்ச் சேர்ந்தேன். வழியில் ஒரு புள்ளி.

அன்றைய நாட்குறிப்பு இப்படித்தான் தொடங்குகிறது. கடைசி வரியை மட்டும் விளக்க வேண்டும்.

அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, விருதுநகர் ரயில் நிலையத்தில் மாமியாரை வண்டியேற்றிவிட நின்றிருந்தபோது அது முதல்முறை வந்தது. விரல் நுனிகள் மரத்துப்போயின. நெஞ்சுக்குள் யாரோ அம்மி கொத்துவது போல இருந்தது. மூச்சை இழுத்தால் பாதியிலேயே நின்றது. இப்போதே, இந்த இடத்திலேயே செத்துவிடுவேன் என்பது தந்தி வந்தது போல உறுதியாகத் தெரிந்தது. பத்து நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. மாமியார் ஜன்னலிலிருந்து வெற்றிலை வாங்கித் தரச் சொன்னார்; வாங்கிக் கொடுத்தேன். அன்று வீட்டில் சாவு இல்லை, சண்டை இல்லை, கெட்ட செய்தி ஒன்றும் இல்லை. காரணம் இல்லாமல் வந்தது என்பதுதான் எனக்கு அவமானமாக இருந்தது.

டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து, "ஆளு கல்லு மாதிரி இருக்கீக" என்று சொல்லி, சிவப்பு மிக்சர் கொடுத்தார். அதற்குப் பெயர் சொல்லவில்லை. பெயரில்லாத ஒன்றை நாட்குறிப்பில் எப்படி எழுதுவது? வந்த நாட்களில் பக்க ஓரத்தில் ஒரு புள்ளி வைக்கத் தொடங்கினேன்.

நான் ஸ்டோரில் கணக்கப்பிள்ளை. வயது அப்போது நாற்பத்து மூன்று. காகிதம், சணல், பசை மாவு, அட்டை எல்லாம் என் பொறுப்பு. புள்ளி வரும்போது முதல் தட்டிலிருந்து இருப்பை மனத்துக்குள் ஒப்பிப்பேன். பழுப்புத் தாள், சிவப்புத் தாள், சணல் மெல்லியது, சணல் தடித்தது. நான்காம் தட்டுக்கு வருவதற்குள் பெரும்பாலும் மூச்சு திரும்பிவிடும். சாலையில் வந்தால் சைக்கிளை விட்டிறங்கிச் செயினைச் சரிசெய்வது போலக் குனிந்துகொள்வேன். ஈரக் கைக்குட்டை ஒன்று எப்போதும் பையில் இருக்கும். யாரிடமும் சொன்னதில்லை. மனைவியிடமும் சொன்னதில்லை. எங்கள் போர்மேனுக்கு ஒரு பேச்சு உண்டு: "பயந்த கை மருந்தத் தொடப்படாது." அப்படிப் பயந்துபோன ஒருவரை அந்த வருடம் சித்திரையில் வீட்டுக்கு அனுப்பியும் இருந்தார்கள்.

இப்போது இன்னொருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் எங்கள் தொழிற்சாலையில் வெடிமருந்து கலக்குபவர். விருதுநகரில் நாங்கள் குடியிருந்த வளவில் அடுத்த வீட்டுக்காரரும்கூட. இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர். என்னைவிட ஒரு வயது மூத்தவர், அரையடி கூடுதல் உயரம், காதைத் தொடும் மீசை. விடிந்ததும், வெயில் ஏறுமுன், தொட்டித் தண்ணீரில் கை கால்களை நனைத்துக்கொண்டு தனியாகக் கலவை ஷெட்டுக்குள் போவார். கந்தகத்தையும் வெடியுப்பையும் அலுமினியப் பொடியையும் சல்லடையில் போட்டு, பச்சைப் பிள்ளைக்குப் பவுடர் பூசுவது போல மெதுவாகச் சலிப்பார். ஒன்பது மணிக்கு முகமெல்லாம் வெள்ளியாக வெளியே வந்து கஞ்சி குடிப்பார்.

அவர்மேல் எனக்கு இருந்த பொறாமையை நாட்குறிப்பு இன்றும் காட்டிக்கொடுக்கிறது. அந்த ஒரு வருடத்தில் என் இரண்டு பிள்ளைகளைப் பற்றி எழுதியதைவிட அவரைப் பற்றி எழுதியதுதான் அதிகம். "பழைய சோறு, கருவாடு இரண்டு. சாப்பிட்டு ஆறாம் நிமிடம் வேப்பமரத்தடியில் குறட்டை." "பேக்கிங் ஷெட்டில் தகரம் விழுந்தது. நான் எழுந்து நின்றுவிட்டேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை." "இன்று இரண்டு முறை சிரித்தார். காரணம் தெரியவில்லை." காலையில் அவர் கிளம்பும் சத்தம் கேட்ட பிறகுதான் நான் சைக்கிளை எடுப்பேன். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே நூறு கெஜம் பின்னால் போவேன். சேர்ந்து போகப் பிடிக்காது. பார்க்காமல் இருக்கவும் முடியாது.

ஒருமுறை என் மனைவி சுவருக்கு அப்பால் பார்த்து, "அந்த அண்ணனுக்குத்தான் எம்புட்டுத் தெம்பு" என்றாள். அன்று இரவுச் சோற்றில் உப்பு அதிகம் என்று எழுதியிருக்கிறேன். உப்பு சரியாகத்தான் இருந்திருக்கும்.

அந்த வியாழக்கிழமை பத்து இருபதுக்கு மானேஜர் கூப்பிட்டார். மருந்துக் கிடங்கைப் பார்த்துக்கொள்பவருக்கு மஞ்சள்காமாலை.

"தீபாவளி முடியுற மட்டும் கிடங்கு உங்க பொறுப்பு. காலையில கலக்குறதுக்கு வேண்டிய சரக்க நீங்களே திறந்து நிறுத்துக் கொடுத்துருங்க. சீசன் நேரம், வேற ஆளப் போட முடியாது."

"சரிங்க" என்றேன்.

சாவியை மேஜைமேல் வைத்தார். விரல் நீளச் சாவி. கிடங்கு மற்றக் கட்டடங்களுக்கெல்லாம் எட்டத்தில், வேலியோரம் தனியாக நிற்கும். கனத்த சுவர், ஒரே கதவு, கூரையை ஒட்டி இரண்டு சிறு துவாரங்கள். ஒருவர் மட்டும்தான் உள்ளே போகலாம் என்பது விதி. அந்த இருட்டுக்குள், கையில் தராசோடு நிற்கும்போது புள்ளி வந்தால்? போர்மேனின் பேச்சு நினைவுக்கு வந்தது. மறுநாள் காலை கிடங்குக்குள் என் கை நடுங்கினால் வேலை போய்விடும். அல்லது அதைவிடப் பெரிதாக ஏதாவது போய்விடும்.

என் மேஜைக்குத் திரும்பி உட்கார்ந்ததுமே வந்துவிட்டது. பழுப்புத் தாள், சிவப்புத் தாள், சணல்... இரண்டாம் தட்டைத் தாண்ட முடியவில்லை. மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். யாரோ முன்னால் நிற்பது தெரிந்தது. அடுத்த வீட்டுக்காரர்தான். சீட்டோடு சணல் வாங்க வந்திருந்தார்.

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எனக்கு மூச்சு திரும்பும்வரை சீட்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். பிறகு சொன்னார்:

"பயந்திருக்கீக, கணக்கப்பிள்ளை."

"அதெல்லாம் இல்ல அண்ணாச்சி. பித்தம்."

"பித்தத்துக்கு யாரும் மேசையப் பிடிக்க மாட்டாக. சாயந்தரம் பள்ளிவாசலுக்கு வாங்க. அசரத்து ஓதி ஊதுவாரு."

எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அந்தித் தொழுகை முடிந்து, அதை நடத்திய அசரத்தும் மற்றவர்களும் வெளியே வரும்போது, வாசலில் தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களானாலும் நிற்பார்கள். பயந்த பிள்ளையின் நெற்றியில் ஊதுவார்கள், செம்புத் தண்ணீரில் ஓதிக் கொடுப்பார்கள். என் மூத்தவனையும் அவன் இரண்டு வயதில் தூக்கிப் போயிருக்கிறாள் என் மனைவி.

"அது பச்சப் பிள்ளைகளுக்கு" என்றேன்.

"நான் பச்சப் பிள்ளையா? வியாழக்கிழமைக்கு வியாழக்கிழமை போறேன்லா."

"நீங்களா? எதுக்கு?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "எதுக்கா? அந்தச் சல்லடைய நீங்க ஒரு நாளு பிடிச்சுப் பாருங்க. எதுக்குன்னு தெரியும்." சணலை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அவருக்கும் பயம் உண்டு என்று தெரிந்ததும் என் பொறாமை குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை, கூடிற்று. பயமே இல்லாதவர் என்று நினைத்தவரை, அது அவர் பிறவிக் குணம் என்று ஒருவாறு சகித்துக்கொள்ளலாம். இவரோ என்னிடம் இருக்கும் அதையே வைத்துக்கொண்டு, அதை வெளியில் தூக்கிக்கொண்டு போகிறார். நான் இரண்டு ஆண்டுகளாகச் சைக்கிள் செயினுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தேன். ஒரு வருடம் அவர் தின்ற கருவாட்டைக்கூட எண்ணியிருக்கிறேன்; வியாழக்கிழமை மாலை அவர் எங்கே போகிறார் என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை. வியாழக்கிழமை தோறும் ஆறு மணிவரை நான் வார இருப்பைச் சரிபார்த்துக்கொண்டிருப்பேன்.

அன்று வார இருப்பைச் சரிபார்க்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதுதான் முதல் முறை. ஐந்து பத்துக்கே கிளம்பிவிட்டேன்.

பள்ளிவாசலுக்கு எதிரே சைக்கிள் கடை. ஆறு இருபதுக்கு அங்கே போய்ப் பின்சக்கரத்துக்குக் காற்றடிக்கச் சொன்னேன். அடித்து முடித்த பிறகு முன்சக்கரத்துக்கும் அடிக்கச் சொன்னேன். எதிர்ப்பக்கம் பதினான்கு பெண்கள், இடுப்பில் பிள்ளைகள். வரிசையில் ஐந்தாவதாக அவர், கையில் செம்போடு.

முன்னால் நின்ற ஒரு கிழவி திரும்பி, "என்ன அண்ணாச்சி, இந்த வாரம் யாரு உங்கள மிரட்டுனா?" என்று கேட்டாள்.

"வீட்டுலதான், வேற யாரு?" என்றார். வரிசையே சிரித்தது. அவர் மீசையைப் பிடித்து இழுத்த ஒரு குழந்தைகூடச் சிரித்தது.

தொழுகை முடிந்து அசரத்து வந்தார். வயதானவர், குட்டையானவர். அவருக்கு எட்டுவதற்காக இவர் முழங்காலை மடித்துக் குனிந்தார். அசரத்து அவர் தலைமேல் கையை வைத்து, உதடு அசைய ஓதி, நெற்றியில் மூன்று முறை ஊதினார். அந்தப் பெரிய உடம்பு, பிள்ளைபோலக் கண்ணை மூடிக்கொண்டு நின்றது. நான் தெருவுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கை என் தலைமேல் இருக்க வேண்டும் என்று வேண்டினேன். சாதாரணமாக வேண்டவில்லை, அவர் தலையிலிருந்து அதைப் பிடுங்கிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

எப்படித் தெருவைத் தாண்டினேன் என்று நாட்குறிப்பில் இல்லை. செம்பு கொண்டுபோகவில்லை. டிபன் கேரியரின் மேலடுக்கைத் தெருக்குழாயில் இரண்டு முறை கழுவி, தண்ணீர் பிடித்துக்கொண்டு வரிசையின் கடைசியில் நின்றேன். ரச வாசனை போகவில்லை. அவர் என்னைப் பார்த்தார்; பார்க்காதது போலச் சுவரோரம் போய் நின்றுகொண்டார்.

என் முறை வந்தது. அசரத்து என் இடுப்பைப் பார்த்தார். பிள்ளை இல்லை.

"வீட்டுல பிள்ள பயந்திருக்கு" என்றேன்.

"எத்தன வயசு?"

பொய்யைத் தொடர ஓர் எண் போதும். இரண்டு, மூன்று, எதையாவது சொல்லியிருக்கலாம். ஆனால் தப்பான எண்ணைச் சொல்லி என் வாய்க்குப் பழக்கமில்லை.

"நாப்பத்து மூணு" என்றேன்.

எனக்கு முன்னால் நின்ற பெண் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அசரத்து சிரிக்கவில்லை. "தலையக் குனிங்க" என்று மட்டும் சொன்னார். கை லேசாக இருந்தது. ஊதும்போது நெற்றியில் குளிர்ந்தது. பிறகு அடுக்குத் தண்ணீரிலும் ஓதிக் கொடுத்து, "மூணு காலைக்கு வச்சுக் குடிங்க, வெறும் வயித்துல" என்றார். நன்றி சொல்ல மறந்துவிட்டேன். கைக்குட்டையால் அடுக்கை மூடி, சைக்கிளை உருட்டிக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன். சைக்கிள் கடைக்குத் தர வேண்டிய காசு மறுநாள்தான் நினைவுக்கு வந்தது.

வீட்டில் மனைவி அடுக்கை மோந்து பார்த்தாள். "என்னங்க இது, ரசத்தக் கழுவுன தண்ணியா?"

"ஓதுன தண்ணி."

"யாருக்கு?"

"எனக்கு."

இன்னொரு முறை மோந்து பார்த்தாள். பிறகு அடுக்கை மேல்தட்டில் வைத்து, தட்டால் மூடி, பூனை தள்ளாதபடி தட்டின்மேல் அம்மிக் குழவியை வைத்தாள்.

"ரெண்டு வருசமா நெஞ்சத் தடவிக்கிட்டே சோறு திங்கீக. நானும் கேக்கலாமா வேண்டாமான்னு இருந்தேன்" என்றாள். "பக்கத்து வீட்டு அண்ணன் போறாருல்லா, அவரு கூடவாவது போய்ட்டு வரலாம்ல."

"அவர் போறது உனக்குத் தெரியுமா?"

"வளவுக்கே தெரியுமே!"

தெரிந்துகொண்டுதான் அவருக்குத் தெம்பு என்று சொல்லியிருக்கிறாள். இதை எழுதும்போதுகூட அந்த வாக்கியம் எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது.

கிடங்குச் சாவி அந்தத் தீபாவளியோடு போகவில்லை. இன்றுவரை என்னிடம்தான் இருக்கிறது. புள்ளிகளும் இருக்கின்றன. கதவைத் திறந்து, அது மூடாதபடி கட்டை கொடுத்துவிட்டு, வெளியே நின்று நான்கு தட்டும் ஒப்பித்த பிறகே உள்ளே போவேன். தண்ணீர்தான் காப்பாற்றியது என்று நான் சொல்ல மாட்டேன். கணக்கில் எதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று தெரியாவிட்டால் எழுதாமல் விடுவது நல்லது.

மறுநாள், 15, வெள்ளிக்கிழமை. நான்கு ஐம்பதுக்கு எழுந்தேன். பல் துலக்குமுன், முதல் வேலையாக, குழவியை இறக்கி அடுக்கை எடுத்தேன். சிவப்பு மிக்சரோடு வந்த அவுன்ஸ் கிளாஸில் அளந்தேன். பன்னிரண்டு அவுன்ஸ், ஒரு காலைக்கு நான்கு. முதல் நான்கை ஊற்றிக்கொண்டு பின்வாசலுக்குப் போனேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் வேப்பங்குச்சியோடு நின்றிருந்தார்.

"என்ன கணக்கப்பிள்ளை, மருந்தா?"

"தண்ணிதான் அண்ணாச்சி. ஒரு பங்கு."

"பங்கா? நான் அங்கனயே மடக்குன்னு குடிச்சிருவேன்."

"மூணு காலைக்கு வச்சுக் குடிக்கச் சொன்னாரு."

வேப்பங்குச்சி நின்றது. "எனக்கு அப்பிடி ஒண்ணும் சொன்னதில்லையே! இத்தன வருசமாப் போறேன்."

அவர் என் கையிலிருந்த கிளாஸையே பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு மிகவும் பழக்கமானது; இதுவரை வெளியிலிருந்து பார்த்ததில்லை, அவ்வளவுதான். அவர் பார்க்கும்படியாகவே, ஒரு சொட்டும் சிந்தாமல், நிதானமாகக் குடித்தேன். மீதி எட்டு அவுன்ஸை மூடி வைத்துவிட்டு, ஆணியில் தொங்கிய கிடங்குச் சாவியை எடுத்துக்கொண்டு, சேர்ந்தே போகலாம், நில்லுங்கள் என்றேன்.