லேயிலிருந்து ஜக்தல்பூருக்கு

துடியலூரில் நான் விமான டிக்கெட் கடை வைத்திருக்கிறேன். ஒரு காலையில் வயதான ஒருவர் வெறுங்காலோடு உள்ளே பாய்ந்து வந்தார். பாறை போன்ற உடம்பு. பேசும்போது வார்த்தைக்கு வார்த்தை மேசையைக் குத்தினார்.

“ஏனுங்க, லேயிலிருந்து ஜக்தல்பூருக்கு பிளேன்ல எத்தனை நேரமுங்க? என்ற பசங்க ரெண்டு பேரும் போர்வெல் வண்டி ஓட்டறாங்க. பெரியவன் வடக்கே பனிமலைப் பக்கம் லேயில, சின்னவன் ஜக்தல்பூர்ல. சொத்துப் பாகத் தகராறு. தம்பியை வெட்டிப்போட்டுத்தான் மறுவேலைன்னு பெரியவன் கெளம்பிட்டானுங்க.”

இணையத்தில் பார்த்து, “ரெண்டரை மணி நேரமுங்க” என்றேன்.

அவர் குத்திய குத்தில் மேசைக் கண்ணாடி நொறுங்கியது. விரல்களில் ரத்தம் வழிந்தது.

“இருங்க!” என்றேன். “இது மேப்புல நேர்கோடு போட்டுச் சொல்ற கணக்குங்க. அந்த வழியில பிளேனே கெடையாது. ரெண்டு மூணு எடத்துல மாறி உங்க பெரிய பையன் வந்து எறங்க நாளைக்கு ஆயிருமுங்க. நீங்க இன்னைக்கே போயிரலாம்.”

“போடுங்க டிக்கெட்டை.”

“போய் என்ன பண்ணுவீங்க?”

“ஏர்போர்ட் வாசல்லயே பெரியவன் கையை ஒடிச்சுப்போடுவேனுங்க. ஒடிஞ்ச கையில எப்படி அருவா புடிப்பான்?” சொல்லும்போதே அழுதுவிட்டார்.

அப்புறம் அவர் வரவில்லை. கையில் மாவுக்கட்டோடு யார் கடைக்குள் நுழைந்தாலும், அந்தப் பெரிய பையனாக இருக்கட்டும் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.