புரட்டாசியில் பவுனுக்கு வைத்த சோறு

அகரத்தில் அங்கம்மாளின் கைப்பக்குவத்தை அறியாதவர் இருந்தால், அவர் அந்த ஊருக்குப் புதிதாகக் குடிவந்தவராகத்தான் இருப்பார். காதுகுத்தானாலும் கோயில் அன்னதானமானாலும் குழம்புக்கு உப்புப் பார்க்க அவளைத்தான் அழைப்பார்கள். அவளும் கரண்டியிலிருந்து ஒரு துளியை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து, ஒரு சொல்லில் தீர்ப்புச் சொல்வாள். அந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது.

ஆனால், ஊர் கொடுத்த மதிப்பு வீட்டில் கிடைக்கவில்லை. கணவர் நாச்சிமுத்து, தோட்டத்து மல்லிகையை விடியுமுன் திண்டுக்கல் பூச்சந்தைக்குக் கொண்டுபோய்விட்டுப் பசியோடு திரும்புகிற மனிதர். தட்டில் எதை வைத்தாலும் ஒரே முகத்தோடு உண்டு, ஒரே முகத்தோடு கை கழுவுவார். மகள் கீர்த்தனா கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, வருகிற நேரங்களில்கூட, "எண்ணெய் சாஸ்தியா இருக்கும்மா" என்று தட்டைத் தள்ளிவைக்கக் கற்றுக்கொண்டிருந்தாள்.

அந்த வீட்டில் அங்கம்மாளின் சமையலை உளமாரப் போற்றிய உயிர் ஒன்றே ஒன்றுதான். அது ஒரு நாய்.

சென்ற தீபாவளிக்கு வந்தபோது கீர்த்தனா தூக்கிக்கொண்டு வந்த குட்டி அது. செம்மண் நிறம், ஒரு காது நிமிர்ந்தும் மற்றொன்று மடிந்தும் இருக்கும். மகள் அதற்குப் 'பிரவுனி' என்று பெயரிட்டாள். தாய் அதைப் 'பவுனு' என்று அழைத்தாள். குட்டி தாயின் குரலுக்கே திரும்பிப் பார்த்ததால் பவுனு என்பதே நிலைத்தது.

"அம்மா, இதுக்கு உப்பு, காரம் கூடாது. வெங்காயம், பூண்டு கூடவே கூடாது. திராட்சை, சாக்லேட்டும் ஆகாது" என்று கீர்த்தனா பாடம் எடுத்துவிட்டுப் போனாள்.

"நாங்க என்னமோ தெனமும் சாக்லேட்டு தின்னுக்கிட்டுக் கெடக்குற மாதிரி பேசுறா" என்று அங்கம்மாள் முணுமுணுத்தாள். ஆயினும் பாடத்தை ஒரு வரி விடாமல் மனத்தில் பதித்துக்கொண்டாள்.

கடையில் விற்கும் உருண்டைத் தீனியை அவள் வாசற்படி ஏற விடவில்லை. பவுனுக்கென்று தனியாக ஒரு சட்டி ஒதுக்கினாள். குருணை அரிசியைக் குழைய வேகவைத்து, கோழிக்கழுத்தின் எலும்பை நீக்கிச் சதையை மட்டும் பிரித்துப் போட்டு, கேரட்டைத் துருவிச் சேர்த்து, சூடு ஆறும்வரை விசிறுவாள். மாலைத் தின்பண்டத்துக்கு வேறொரு பக்குவம்: கேழ்வரகு மாவோடு மசித்த பரங்கிக்காயும் முட்டையும் சேர்த்துப் பிசைந்து, தட்டையைப் போல் மெல்லியதாகத் தட்டி, தோசைக்கல்லில் சிறு தீயில் வாட்டி, மொட்டைமாடியில் காயவைத்து, முறுக்குத் தூக்குவாளியில் அடைத்து வைப்பாள். வாளியின் மூடி அசைந்தால் போதும். பவுனு எங்கிருந்தாலும் பாய்ந்து வந்து, முன்னங்கால்களை ஊன்றி உட்கார்ந்து, அவள் முகத்தையே பார்க்கும். அந்தப் பார்வைக்காக அவள் அடுப்படியில் எத்தனை நேரம் வேண்டுமானாலும் நிற்பாள்.

இப்படியிருக்கையில் புரட்டாசி பிறந்தது.

தாடிக்கொம்புப் பெருமாளைக் குலதெய்வத்துக்கும் மேலாக நினைக்கிற வீடு அது. மாதம் பிறப்பதற்கு முன்பே வீட்டைக் கழுவிவிட்டு, கறிச்சட்டிகளைப் பரணில் ஏற்றிவிடுவார்கள். முட்டையின் ஓடுகூட உள்ளே வரக்கூடாது. அந்த நியமம் பவுனுக்கும் பொருந்துமா என்று அங்கம்மாள் எண்ணிப் பார்க்கவேயில்லை. வீட்டுக்கு எது விதியோ அது வீட்டிலுள்ள எல்லா உயிர்களுக்கும் விதி என்பது அவள் கணக்கு. பவுனுவின் தட்டில் தயிர்ச்சோறு விழுந்தது. பவுனு முகர்ந்தது, அவளை ஏறிட்டுப் பார்த்தது, பிறகு கொல்லைப்புறமாக நடந்துவிட்டது.

முதலில் வெயிலின் கோளாறு என்று நினைத்தாள். பருப்புச் சோறு வைத்தாள். அதையும் எறும்புதான் தின்றது. ஆனால் நாயோ இளைக்கவில்லை. மாறாக, அதன் தோலில் ஒரு மினுமினுப்புக்கூட ஏறியிருந்தது. சந்தேகத்தோடு கொல்லைக்குப் போய், முருங்கைமரத்தின் மறைவில் நின்று, குட்டைச் சுவரின் மேலாக எட்டிப் பார்த்தாள்.

அடுத்த வீட்டில் சர்புன்னிசா இருந்தாள். திண்டுக்கல்லில் சைக்கிள் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் முகமது பாரூக்கின் மனைவி. ஆடியில் குடிவந்தவர்கள். கலகலப்பானவள்தான், ஆனால் நாயைத் தொடமாட்டாள். நாயின் எச்சில் பட்டால் தொழுகைக்கு ஆகாது என்று, பவுனு கிட்டே வந்தாலே சேலையை ஒதுக்கிக்கொண்டு இரண்டடி பின்வாங்குவாள்.

அந்தச் சர்புன்னிசா சாக்கடைக்கு அப்பால் வெந்த கோழிச்சதை நிரம்பிய ஒரு கொட்டாங்குச்சியை வைத்துவிட்டு, எட்ட நின்றுகொண்டு, "ஏய், அங்கனயே உக்காரு! நான் உள்ள போனப்பறம்தான் திங்கணும்" என்று விரலை ஆட்டினாள்.

பவுனு உட்கார்ந்தது. முன்னங்கால்களை ஊன்றி, நிமிர்ந்த காதும் மடிந்த காதுமாக, அவள் முகத்தையே பார்த்தது.

கோழிச்சதையைத் தின்பதைக்கூட அங்கம்மாள் பொறுத்திருப்பாள். அந்த உட்காரலைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. தொட்டுத் தடவாதவள், குளிப்பாட்டாதவள், உண்ணி பிடுங்காதவள். அவளுக்கு முன்னால் இந்த உட்காரலா? அந்தப் பார்வையா?

"என்ன சர்புன்னிசா! எங்க வீட்டு நாய்க்கும் சேத்து உலை வைக்கிறயாமே?" என்று சுவரின் மேல் தலையை நீட்டினாள்.

"யக்கா, நீங்களா? பயந்தே போனேன். கழுத்தும் ஈரலும் எங்க வீட்டுல யாருக்கும் எறங்காது. தூக்கியா எறியிறது? எலும்ப எடுத்துட்டு வெறுமனே வேகவச்சு வச்சேன். வாயில்லாத சீவன், பாவம், வந்து வந்து நிக்கிது."

"அது விரதம் இருக்குற வீட்டு நாய் தாயி."

சர்புன்னிசாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நாயுமாக்கா விரதம்? நாங்க மாசம் பூராம் நோம்பு வைக்கிறோம், எங்க வீட்டுக் கோழிக்குத் தீனி போடாமயா இருக்கோம்?"

பதில் அகப்படாதபோது வருகிற கோபம் இருமடங்கு. "உங்க கோழிய நீங்க எப்படியும் வளத்துக்கங்க. எங்க நாய நாங்க பாத்துக்கிறோம்" என்று சொல்லிவிட்டு, பவுனுவின் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்துவந்து தூணில் கட்டினாள். பவுனு இரவு உணவையும் தொடாமல், சுவரைப் பார்த்தபடியே படுத்துக்கொண்டது.

கைப்பேசியில் கீர்த்தனா, "முட்டையாச்சும் குடும்மா" என்றாள்.

"பெருமாள் வீட்டுல முட்டையா? வாயக் கழுவு!"

"அப்ப அந்த அக்கா வைக்கிறத அது திங்கட்டும். உனக்கு என்ன நட்டம்?"

என்ன நட்டம் என்று மகளுக்கு எப்படிச் சொல்வது? இந்த உலகில் தன் சோற்றுக்காக ஏங்கி உட்கார்ந்திருந்த ஓருயிரையும் இன்னொருத்தி கொட்டாங்குச்சியைக் காட்டி அழைத்துக்கொள்கிறாள் என்று வாய்விட்டுச் சொன்னால், அவளுக்கே வெட்கமாக இருக்கும். தொடர்பைத் துண்டித்தாள்.

அன்றுதான் அவளுக்கு அந்த யோசனை தோன்றியது. புரட்டாசியில் நாக்குச் செத்துப்போகாமலிருக்க, அந்த வட்டாரத்து வீடுகளில் கறிக்குழம்புக்கு ஈடாக ஒன்று வைப்பார்கள். மீல்மேக்கரை வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்துகொண்டு, சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் கைநிறைய அள்ளி எண்ணெயில் சிவக்க வதக்கி, அரைத்து ஊற்றிக் கொதிக்கவைத்தால், தெருவில் போகிறவர்கள், "யார் வீட்டுலடா கறி?" என்று நின்றுவிடுவார்கள். அந்தக் குழம்பில் அங்கம்மாளை விஞ்ச ஆளில்லை.

மகளின் பாடம் நினைவுக்கு வராமலில்லை. வெங்காயம், பூண்டு கூடவே கூடாது. ஆனால், பொறாமை நல்ல வழக்கறிஞர். பச்சையாகக் கடித்தால்தானே கெடுதல். வதக்கி அரைத்த பிறகு அதில் என்ன இருக்கிறது? மிளகாயும் உப்பும் போடுமுன்பே பவுனுவின் பங்கைத் தனியே எடுத்துவைத்தாயிற்றே? அவள் தனக்குத்தானே வாதாடி, தனக்குத்தானே தீர்ப்பும் எழுதிக்கொண்டாள்.

பவுனு தட்டை நக்கி, தட்டு நகர நகரத் தொடர்ந்துபோய் நக்கியது. பிறகு உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்தது.

"இன்னுங் கொஞ்சம் வேணுமாடா என் தங்கம்? வீட்டுச் சோறு மாதிரி வருமா!" என்று சுவரைப் பார்த்துச் சற்று உரக்கவே சொன்னாள். மறுநாளும் அதே குழம்பு. அதற்கு மறுநாளும் அதுவே. கயிற்றை அவிழ்த்துவிட்டாலும் நாய் கொல்லைக்குப் போகவில்லை. சர்புன்னிசா வைத்த கொட்டாங்குச்சியைக் காக்கை கவிழ்த்தது. அதைப் பார்த்தபோது அங்கம்மாளுக்கு உண்டான மகிழ்ச்சி, அவளுக்கே சற்று அதிகமாகத்தான் பட்டது.

ஒரு வாரம் ஆனபோது பவுனு படுத்துவிட்டது. வெறும் வாளியின் மூடியைத் தட்டிப் பார்த்தாள், எழவில்லை. சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனது.

"அவ போட்ட எலும்பு எங்கயோ குத்தியிருக்கு" என்றாள் நாச்சிமுத்துவிடம். அதைச் சொல்லும்போது அவள் குரலில் கவலையும் இருந்தது. ஒருவகை நிம்மதியும் இருந்தது.

ஆட்டோவில் நாயைக் கிடத்தும்போது, அந்தப் பேச்சு காதில் விழுந்த சர்புன்னிசா வாசலுக்கு ஓடிவந்தாள். "யக்கா, சத்தியமா எலும்பு ஒண்ணுகூடப் போடலக்கா! கையாலதான் பிச்சுப் பிச்சுப் போட்டேன். இப்ப ஒரு வாரமா அது வரவும் இல்லையே!" என்றாள். அங்கம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

திண்டுக்கல்லில் மருத்துவர் பவுனுவின் உதட்டை விலக்கி ஈறைப் பார்த்தார். சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருந்தது. "ரத்தம் உடைஞ்சிருக்கு. வெங்காயம், பூண்டு ஏதாவது குடுத்தீங்களா?"

நாச்சிமுத்து மனைவியைப் பார்த்தார். அவர் ஒரு வாரமாக அதே குழம்பைத்தான் அதே முகத்தோடு உண்டுகொண்டிருந்தார். நாயின் தட்டில் விழுந்தது என்னவென்று அவருக்குத் தெரியாது.

"பக்கத்து வீட்டுல என்னத்தப் போட்டாங்களோ" என்று அங்கம்மாளின் வாய் சொன்னது.

"போட்டாங்களோன்னு சொன்னா எப்படிம்மா? எலிமருந்து தின்னுருந்தாலும் ரத்தம் கெடும். அதுக்கு வேற ஊசி, இதுக்கு வேற வைத்தியம். சரியாத் தெரிஞ்சாத்தான் நான் தொட முடியும்."

பவுனு மேசைமேல் கிடந்தபடி கண்ணைமட்டும் உருட்டி அவளைத் தேடியது. தான் வாயைத் திறக்காவிட்டால் அந்தப் பார்வையை இனி எவளுக்கும் விட்டுக்கொடுக்க வேண்டியிராது, பார்ப்பதற்கே நாய் இராது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"நாந்தாங்க" என்றாள். "வெங்காயமும் பூண்டும் கைநெறய. ஒரு வாரமா. ஆகாதுன்னு தெரியும். தெரிஞ்சேதான் வச்சேன்."

மருத்துவர் நாயின் முன்னங்காலில் நரம்பைத் தேடினார். குளுக்கோஸ் ஏற்றினார். மாலையில், "பிழைச்சுக்கும். ஆனா ரத்தம் ஊறணும். டானிக்கோட, ஈரலக் கொஞ்சம் வேகவச்சுக் கையால ஊட்டுங்க" என்று சொல்லி அனுப்பினார்.

ஈரல்! புரட்டாசி பாதிகூட முடியவில்லை. பரணில் ஏற்றிய சட்டியை இறக்க நாச்சிமுத்து சம்மதிக்க மாட்டார். அவளுக்கும் மனம் துணியாது. ஆட்டோ அகரத்துக்கு வந்து சேர்ந்தது. இறங்கியதும் நேராக அடுத்த வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"சர்புன்னிசா, எலும்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் வச்ச வெங்காயந்தான். உன்னயப் போயிச் சொல்லிட்டேன். இப்ப டாக்டரு ஈரல் ஊட்டச் சொல்றாரு."

சர்புன்னிசா வாசற்படியை விட்டு இறங்கி வந்தாள். "என்னயத் திட்டுனதுகூடப் பெருசில்லக்கா. அதுக்குப் போயி வெங்காயத்த வச்சீகளே" என்றாள். பிறகு, "ஈரல் நான் வேகவச்சுத் தாரேன். ஆனா ஊட்ட என்னால ஆகாதுக்கா. தொடக்கூடாது."

"சமைக்க என்னால ஆகாது. ஊட்ட ஆகும். வீட்டுக்குள்ள போறதுக்கு முன்ன தலைக்குத் தண்ணி ஊத்திக்கிறேன்."

அன்றிலிருந்து ஒருத்தி வேகவைத்தாள், மற்றொருத்தி ஊட்டினாள். கொல்லைச் சுவரின்மேல் கிண்ணம் கைமாறும். அங்கம்மாள் நாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, ஈரலை நசுக்கி விரல்நுனியால் வாயில் வைப்பாள். பவுனுவின் ஈறுகளில் மெல்ல மெல்ல இளஞ்சிவப்பு ஏறியது. ஒருநாள் அது தானாகவே தலையைத் தூக்கி, ஆர்வமாகத் தின்னத் தொடங்கியது. அங்கம்மாளின் கண்கள் கலங்கின. ஆனால் நாய் மெல்லுவது அவள் விரலிலிருந்து. வாலை ஆட்டுவதோ சுவருக்கு அப்பால் நின்ற சர்புன்னிசாவைப் பார்த்து.

"ஏத்தா, நீ செத்த நேரம் உள்ளதான் போயேன். உன்னயப் பாத்துக்கிட்டே திங்குது; தொண்டையில சிக்கிறப் போவுது."

"ஈரலு எப்படிக்கா தொண்டையில சிக்கும்?"

"சிக்கும். நீ போ."

சர்புன்னிசா வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். பவுனு அவள் நுழைந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தது. அங்கம்மாள் இடது கையால் அதன் தாடையைப் பிடித்து மெல்லத் தன்பக்கம் திருப்பி, அடுத்த துண்டை ஊட்டினாள்.