அரைவாசி வீச்சு

விடிகாலை சுபஹுத் தொழுகைக்குத் தக்பீர் கட்டக் கைகளை உயர்த்தினேன். இடது கை காதருகே போனது. வலது கை நெஞ்சு மட்டத்தில் நின்றுவிட்டது.

கல்பிட்டியில் ஒரு ஹோட்டலில் வருவோருக்குக் கொல்ஃப் பழக்குவது என் வேலை. தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரை விட்டு வந்த குடும்பம் நாங்கள். கட்டாருக்குப் புல் வெட்டப் போய், அந்த மைதானத்திலேயே விளையாட்டையும் பழகி வந்தவன் நான். கை போனால் வேலையும் போகும். அன்றே டொக்டரிடம் போனேன்.

"உறைந்த தோள்" (மூட்டைச் சுற்றிய உறை தடித்து இறுகிப்போவது) என்றார் டொக்டர். "உங்களை மாதிரி சீனி வருத்தம் (நீரிழிவு) உள்ளவங்களுக்குக் கூடுதலா வரும். சுகம் வரும், ஆனா சுணங்கும், மாசக் கணக்காகும். ஏலாததை இழுத்துச் செய்யாதீங்க."

வீம்புக்கு மறுநாளே மனேஜர் முன்னால் முழு வீச்சு வீசினேன். கண்ணில் பூச்சி பறந்தது. மட்டை மணலில் கிடந்தது.

"கொஞ்ச நாள் லீவுல நில்லுங்க. பிறகு கதைப்பம்" என்றார் அவர். அந்தப் 'பிறகு' எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டில் விரல்களால் சுவரில் ஏறும் பயிற்சி செய்தேன். மிச்ச நேரமெல்லாம் யோசனை. பந்துக்கு என்னதான் வேண்டும்? இடுப்பு திரும்ப வேண்டும், மட்டை நேராக வந்து பட வேண்டும். தலைக்கு மேலே கையைக் கொண்டுபோவது பெரும்பாலும் பார்க்கிறவர்களுக்காக. தும்புத்தடியை எடுத்து, கையை இடுப்புக்கு மேலே விடாமல் முற்றத்தில் வீசிப் பார்த்தேன். நோகவில்லை.

"கூட்டுறதெண்டா ஒழுங்காக் கூட்டுங்க" என்றாள் மனைவி நஸீரா.

வேலைக்குத் திரும்பிப் போன அன்று கச்சான் காற்று அள்ளி வீசியது. மற்றவர்கள் உயர அடித்த பந்துகளெல்லாம் பக்கவாட்டில் பறந்தன. என் அரைவாசி வீச்சில் பந்து தாழ்வாக, காற்றுக்குக் கீழே நேராகப் போனது. மனேஜர் இன்னொன்று அடிக்கச் சொன்னார். அதுவும் நேராகப் போனது.

"நாளைக்கு வாறவங்களுக்கு இதையே பழக்குங்க" என்றார். "முதல்ல எனக்குக் காட்டித் தாங்க."

இதே வருத்தத்தோடு இருக்கும் உங்களுக்குச் சொல்கிறேன்: தோள் இளகும். எனக்கு இளகியது. முழு வீச்சும் வீசலாம் என்று டொக்டர் சொன்னதும் ஆசைக்கு ஒன்று அடித்தேன். பந்து காற்றோடு போய்ப் பக்கத்துக் களப்புத் தண்ணீரில் விழுந்தது. சந்தோஷமாக அரைவாசிக்கே திரும்பினேன்.

முன்பு உடம்பை நான்தான் விரட்டுவேன். இப்போது அது ஆயத்தமாகும்வரை பந்தின் முன்னால் சும்மா நிற்கிறேன். பின்னால் காத்திருக்கிறவர்களும் கொஞ்சம் நிற்கட்டும்.