அலமுவுக்குக் கிடைக்காத ஹிஸ்டரி மெயின்

அலமு போய்விட்டாள். காலையில் அவள் பையன் சம்பத் பெங்களூரிலிருந்து போன் பண்ணிச் சொன்னான்.

தொண்ணூற்றேழு வயசு. என் வயசுதான். "கல்யாணச் சாவு மாமி, அழாதீங்கோ" என்கிறான். நான் எங்கே அழுதேன்? எரிச்சல்தான் பொத்துக்கொண்டு வருகிறது.

இங்கே என்னைப் படிக்கிறவர்கள் பாதிப்பேர் என் பழைய ஆபீஸ்காரர்கள். உங்களுக்கு அலமேலுவைத் தெரியாது. ஸ்ரீரங்கத்தில் எங்களுக்கு அடுத்த தெரு. திருச்சி காலேஜில் நாலு வருஷம் என்னோடு கூடப் படித்தவள்.

சுதந்திரத்துக்கு முந்தின வருஷம். ஸ்கூலுக்கு அப்புறம் ரெண்டு வருஷ இன்டர்மீடியட் முடித்துவிட்டு ரெண்டு பேரும் பி.ஏ. அப்ளிகேஷனோடு காலேஜ் ஆபீஸில் நிற்கிறோம். எனக்கும் ஹிஸ்டரி மெயின் வேண்டும், அவளுக்கும் அதுதான்.

கிளார்க் என் மார்க் ஷீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்டர்ல ஹிஸ்டரி படிச்சிருந்தாதாம்மா மெயின். அவங்களுக்கு உண்டு. உங்களுக்குக் கிடையாது. சப்ஸிடியரியா வேணா எடுத்துக்குங்க."

மெயின் என்றால் இப்போதைய மேஜர். சப்ஸிடியரி என்றால் இப்போது மைனர் என்கிறார்களே, அது.

நான் இன்டரில் எடுத்திருந்தது சயின்ஸ் குரூப். அண்ணாவுக்கு என்னை டாக்டராக்க ஆசை. தவளையைக் கண்டாலே அலறுகிறவள் நான்... மார்க் எப்படி வரும்?

"எல்லாத்தையும் நானே படிச்சுக்கறேன் சார்" என்று கெஞ்சினேன். "ரூல்னா ரூல்ம்மா" என்று அடுத்த பெண்ணைக் கூப்பிட்டுவிட்டார். என்ன ரூலோ! பதினஞ்சு வயசில் அண்ணா டிக் பண்ணிக் கொடுத்த குரூப்பை ஆயுசுக்கும் கட்டிக்கொண்டு அழவேண்டுமாம்.

சரி, எனக்குத்தான் இல்லை. அலமுவுக்கு என்ன கேடு? அவள் இன்டரில் ஹிஸ்டரியில் காலேஜிலேயே முதல்.

அங்கேதான் ஜட்கா வந்து குறுக்கே நின்றது. ரெண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே குதிரை வண்டி. காலையில் ஒரு நடை, சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு நடை.

அலமுவின் அப்பா முதலிலேயே கறாராகச் சொல்லியிருந்தார். "ரெண்டு பேரும் சேர்ந்து போய்ச் சேர்ந்து வரதுன்னா காலேஜ். இல்லேன்னா ஆத்துலயே இருக்கட்டும்."

ஹிஸ்டரி மெயினுக்கோ வாரத்தில் மூணு நாள் அஞ்சு மணி வரை கிளாஸ். எந்த குரூப்காரிக்கும் கொடுக்கிற எகனாமிக்ஸ் மெயின்தான் எனக்குக் கிடைத்தது. அதற்கு நாலு மணியோடு சரி.

ஆக, அலமேலு எகனாமிக்ஸ் மெயின், ஹிஸ்டரி சப்ஸிடியரி. என்ன அநியாயம், சொல்லுங்கள்!

எகனாமிக்ஸ் கிளாஸில் அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கணுமே... பல் டாக்டரிடம் காத்திருக்கிற மாதிரி. ஹிஸ்டரி பீரியட் வந்தால் ஆளே வேறு.

மெயின்காரிகள் முழிக்கிற கேள்விக்கெல்லாம் இவள் எழுந்து பதில் சொல்வாள். ப்ரொபசரம்மாவே ஒருநாள், "ஏன்மா, நீ ஏன் மெயின் எடுக்கலே?" என்று கேட்டுவிட்டார். "வண்டி கிடையாது மிஸ்" என்றாள். கிளாஸே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

ஒரு நாள் சாயங்காலம் வண்டி திருவானைக்காவல் வழியாக வருகிறது. கோயில் வாசலில் எங்கள் காலேஜ் பெண்கள், கையில் நோட்டுப் புத்தகம், கூட ப்ரொபசரம்மா. கல்வெட்டு பார்க்க வந்திருக்கிறார்கள். மெயினுக்கு மட்டும்.

"நிறுத்துங்கோ!" என்று கத்தினாள் அலமு. வண்டிக்காரர் கடிவாளத்தை இழுத்துப் பிடித்து, "இறங்குறீங்களாம்மா?" என்று கேட்டார்.

ஒரு காலைக் கீழே வைத்துவிட்டாள்.

"நாழியானா உங்கப்பா சும்மா இருப்பாராடி? ஏறு" என்றேன். ஏறிவிட்டாள். ஸ்ரீரங்கம் வரும்வரை பின்னால் திரும்பிக் கோபுரத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பி.ஏ. முடித்ததும் எம்.ஏ. ஹிஸ்டரிக்கு எழுதிப் போட்டாள். பி.ஏ.வில் ஹிஸ்டரி மெயினாக இருக்க வேண்டும் என்று ரெண்டே வரியில் பதில் வந்தது. சப்ஸிடியரியில் முதல் மார்க் என்பதெல்லாம் யாருக்கு வேண்டும்? அந்தத் தையிலேயே கல்யாணம்.

இப்போது என் கொள்ளுப்பேத்தி மொபைலில் ரெண்டு தட்டு தட்டி மைனரை மாற்றிக்கொள்கிறாள். போன மாசம் சைக்காலஜி, இந்த மாசம் ஹிஸ்டரி. அவளைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. பாவம், அவள் என்ன செய்வாள்?

இத்தனை நேரம் ரூலைத் திட்டினேன், கிளார்க்கைத் திட்டினேன், அலமுவின் அப்பாவையும் விடவில்லை. ஒன்றை மட்டும் சொல்லவில்லை. எண்பது வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை.

அன்றைக்கு அந்த ஆபீஸில் அலமு என் கையைப் பிடித்துக் கேட்டாள். "மூணு நாள்தானேடி. லைப்ரரில ஒரு மணி நேரம் உக்காந்திருக்கியா? வண்டிக்காரர் அஞ்சு மணிக்கு வரேன்னுட்டார். நீ சரின்னா அப்பாவும் சரிம்பார்."

எனக்குக் கிடைக்காதது அவளுக்குக் கிடைக்கிறதே என்று வயிற்றெரிச்சல். வேறென்ன?

"என்னால தனியா உக்காந்திருக்க முடியாது. நீயும் எகனாமிக்ஸே எடேன், ஜாலியா இருக்கும்" என்றேன்.

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் அப்ளிகேஷனில் ஹிஸ்டரியை அடித்துவிட்டு எகனாமிக்ஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

வாரத்துக்கு மூணு மணி நேரம். அவ்வளவுதான் கேட்டாள்.

மத்தியானம் சம்பத் வாட்ஸ்அப்பில் அஞ்சலி கார்டு அனுப்பினான். போட்டோவுக்குக் கீழே "அலமேலு, பி.ஏ. எகனாமிக்ஸ்".

உடனே போன் போட்டேன். "அந்த எகனாமிக்ஸை எடுடா முதல்ல."

"ஏன் மாமி? அம்மாவோட சப்ஜெக்ட் அதுதானே?"

"அவளுக்கு ஹிஸ்டரிடா. ஹிஸ்டரின்னா உசிரு."

"அப்படியா? அம்மா ஒரு நாளும் சொன்னதில்லையே மாமி..."

பெற்ற பிள்ளையிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் என் பேரையும் சொல்லணுமே.

அலமு... ஒரு தடவையாவது என்னைத் திட்டித் தொலைத்திருக்கலாமேடி.

போய் வா.