சாவுப் பலகை

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு ஆள் செத்துப்போனால் எல்லாமே தானாக நடக்கும். தோட்டத்து ஆபீசை நடத்துகிற பெரிய கிளாக்கர் ஸ்டோரைத் திறந்து பெட்டி செய்யப் பலகை கொடுப்பார். குழி வெட்டப் போகிறவர்களுக்குத் தோட்டமே அன்றைய சம்பளத்தைப் போட்டுவிடும். மரணச் சங்கம் என்று ஒன்று உண்டு. சம்பளத்தன்று ஆளுக்கு ஐம்பது சதம் பிடித்துச் சேர்த்து வைத்திருப்பார்கள். செத்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். யாரும் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. மற்றத் தோட்டக்காரர்களிடம் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். எனக்கு அதைக் கேட்டாலே வயிறு எரியும். வயதாகிவிட்டது, இன்னும் அந்த எரிச்சல் போகவில்லை.

நான் அந்தத் தோட்டத்து மருத்துவிச்சி. வட்டவளை ஸ்டேஷனிலிருந்து ஏறி வந்தால் தேயிலை மலைகளுக்கு நடுவே, வரிசை வீடுகளாக எங்கள் லயங்கள் தெரியும். அறுபதுகளின் தொடக்கம் அது. நானும் லயத்தில் பிறந்தவள்தான். வேதக்காரக் குடும்பம் என்பதால் பாதர்மார் புண்ணியத்தில் நாலெழுத்துப் படித்து, வெள்ளைச் சேலை உடுத்திக்கொண்டு பிள்ளைப்பேறு பார்க்க வந்தேன். நான் சொல்லப்போகிற பெண் மேட்டு லயத்தில் இருந்தாள். அவளுடைய மூன்று பிள்ளைகளையும் நான்தான் கையில் வாங்கினேன். என்னைவிட மூத்தவள் என்பதால் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கொழுந்து எடுப்பதில் அவள் கைக்கு ஈடு கிடையாது, நாக்குக்கும் கிடையாது. வாயில் எப்போதும் வெற்றிலையும் புகையிலையும் இருக்கும். குளிருக்கும் பசிக்கும் மலையில் அதுதான் துணை.

அந்த வாய்க்குள்தான் புண் வந்தது. இடது கன்னத்தின் உள்பக்கம். தோட்டத்து மருந்துக்காரர் ஊதா மருந்தைத் தடவி அனுப்பினார். மறுவாரமும் தடவினார். மாதக்கணக்கில் தடவினார். உள்ளே கட்டியாக இருக்கிறதே என்று நான் இரண்டு தடவை சொன்னேன். பிள்ளை பெறுவதைப் பற்றி மட்டும் பேசச் சொன்னார். அந்த மனுஷன் ஒருநாள்கூட விரலை விட்டுப் பார்க்கவில்லை என்பதை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன். கடைசியில் நானே அவளை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கே இருந்த டாக்டர் பார்த்த உடனேயே, இது புற்றுநோய், கொழும்புக்குப் பக்கத்தில் இதற்கென்றே ஆஸ்பத்திரி இருக்கிறது, தாமதிக்காமல் போக வேண்டும் என்று சொல்லிக் கடிதம் தந்தார்.

வைத்தியத்துக்குக் காசு வேண்டாம், அது அரசாங்கத்தின் இனாம். ஆனால் இனாம் வைத்தியத்துக்குப் போய்ச் சேர்வதற்குக் காசு வேண்டும். கரண்ட் என்று நாங்கள் சொல்கிற கதிர்ச் சிகிச்சை வைப்பதற்கு வாரக்கணக்கில் அங்கேயே இருக்க வேண்டும். வார்டில் கட்டில் கிடைக்கும்வரை வெளியே வாடகைக்குத் தங்க வேண்டும். அவளுக்குச் சிங்களம் வராது, வாயைத் திறக்கவும் முடியாது, புருஷன் கூட இருந்தே ஆக வேண்டும். இரண்டு பேரும் மலைக்குப் போகாவிட்டால் இரண்டு பேருக்கும் அன்றைய வேலைக் கணக்கில் பேர் விழாது. பேர் விழாவிட்டால் சம்பளம் கிடையாது, தோட்டத்து அரிசியும் கிடையாது. மூன்று பிள்ளைகளும் எதைத் தின்னும்?

முதலில் ஆபீசுக்குப் போனேன். பெரிய கிளாக்கரிடம் இரண்டு விஷயம் கேட்டேன். சம்பளத்தில் கழித்துக்கொள்ளும்படி ஒரு முன்பணம். ஸ்டேஷன் வரைக்கும் லொறி. அவள் கஞ்சித் தண்ணியிலேயே நாளை ஓட்டிக்கொண்டிருந்தாள், அந்த இறக்கத்தில் நடக்கிற தெம்பு இல்லை. கிளாக்கர் கெட்ட மனுஷர் இல்லை, அமைதியாகவே பதில் சொன்னார். முன்பணம் தீபாவளிக்கு மட்டும்தான். திரும்பி வேலைக்கு வருவாளோ மாட்டாளோ என்று இருக்கிற ஆளுக்குக் கொடுத்துவிட்டு மானேஜர் துரைக்கு யார் பதில் சொல்வது? லொறி தேயிலைக்கு, ஆள் ஏற்றுவதற்கு இல்லை. நான் எழுந்தபோது ஆறுதல் மாதிரி ஒன்று சொன்னார்.

"ஏதாவது ஒண்ணு ஆயிட்டா நீங்க கவலப்படாதீங்க நர்ஸ். மத்ததெல்லாம் தோட்டம் பாத்துக்கும்."

அடுத்தது டவுனில் இருந்த அரசாங்க ஆபீஸ். ஏழைகளுக்கு உதவிப் பணம் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவளையும் வழியெல்லாம் கைத்தாங்கலாக அழைத்துப்போய் பெஞ்சில் உட்கார வைத்தேன். அங்கிருந்தவர் நோயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிரஜா உரிமைப் பத்திரம் இருக்கிறதா என்று கேட்டார். அவள் பிறந்தது அதே மலையில், அவள் ஆத்தா பிறந்தது பக்கத்து மலையில். பத்திரம் மட்டும் இல்லை. எங்கள் ஆட்களை இந்தியக்காரர்கள் என்று ஒதுக்கிய பிரஜா உரிமைச் சட்டம் வந்தபோது மனுப்போட்டார்கள், பதில் வரவில்லை. அப்படியென்றால் இந்தியாவில் கேட்டுப்பாருங்கள் என்றார் அவர், என்னமோ இந்தியா அடுத்த தெருவில் இருக்கிறது போல. இந்த மண்ணில் விளைந்த கொழுந்தை அவள் கை எத்தனை வருஷம் கிள்ளியிருக்கும்! அந்தத் தேயிலை எந்தப் பத்திரமும் இல்லாமல் கப்பல் ஏறிப் போகிறது. அவளுக்கு ரயில் ஏறப் பத்திரம் கேட்கிறார்கள். படி இறங்கும்போது நான் சத்தம் போட்டே திட்டினேன். அவள்தான் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

வருகிற வழியில் மரணச் சங்கத்தை நினைவுபடுத்தியதும் அவள்தான். கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள். அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எத்தனையோ சாவுக்குக் காசு கொடுத்திருக்கிறாள். அவளுக்கு வரவேண்டிய காசை இப்போதே கேட்டால் என்ன?

சங்கத்துத் தலைவர், கீழே பள்ளத்தில் இருக்கும் பணிய லயத்துப் பெரியவர் ஒருவர். நேர்மையான ஆள், ஒரு சதம் குறையாமல் கணக்குச் சொல்வார். நான் விஷயத்தைச் சொன்னதும் காதைப் பொத்திக்கொண்டார். உயிரோடு இருக்கிறவளுக்குச் சாவுக்காசு கொடுப்பது எமனுக்குத் தந்தி அடிக்கிற வேலை என்றார். போதாததற்கு, இன்றைக்கு இவளுக்குக் கொடுத்தால் நாளைக்கு இருமல்காரன், இழுப்புக்காரன் எல்லாரும் வரிசையில் நிற்பான் என்றார். நானும் விடவில்லை. அந்த ஞாயிறும் போனேன், அடுத்த ஞாயிறும் போனேன். ஒவ்வொரு ஞாயிறும் அந்தக் கட்டி பெரிதாகிக்கொண்டே இருந்தது. இரண்டு மாதம் கழித்து, தொல்லை தாங்காமல், மாரியம்மன் கோயில் வாசலில் கூட்டம் போட்டார்கள்.

ஆண்கள் எல்லாம் பேசி முடித்தார்கள். பேசியது முழுக்கச் சாமி குற்றத்தைப் பற்றித்தான். அப்போது அவள் எழுந்தாள். தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, மழைத் தூறலில் நின்றாள்.

"நான் செத்தா எனக்குப் பொட்டி செய்வீங்க, தப்படிப்பீங்க, காசு குடுப்பீங்க. அதுல ஒண்ணும் நான் பாக்கப் போறதில்ல. பொட்டியும் வேணாம், தப்பும் வேணாம். பாயில சுத்திப் பொதச்சிருங்க. காச மட்டும் இப்பக் குடுங்க. எம்புள்ளைங்களுக்கு நான் வேணும்."

பெண்கள் பக்கம் விசும்பல் கேட்டது. தலைவர் ஒரு வழி சொன்னார். தார தோஷம் இருக்கிறவனுக்கு முதலில் வாழை மரத்துக்குத் தாலி கட்ட வைப்பதில்லையா? அதே மாதிரி அவளுக்குப் பதிலாக ஒரு வாழையைப் புதைத்துவிட்டால், சாவு நடந்த கணக்கும் ஆகும், எமனும் ஏமாந்து போவான். நான் வாயைத் திறந்தேன். நீங்க வேதக்காரங்கம்மா, ஒங்களுக்கு இது வெளங்காது என்று அடக்கிவிட்டார்கள்.

அதைச் செய்யவும் செய்தார்கள். லயத்துத் தோட்டத்தில் இருந்த ஒரு வாழையை வெட்டி, குருத்தைக் களைந்து, வெள்ளைத் துணி சுற்றினார்கள். தப்புக்காரர்கள் வந்தார்கள். சங்கு ஊதினார்கள். குழி வெட்டினார்கள். அவளுடைய கடைசிப் பிள்ளை உண்மையிலேயே ஆத்தா செத்துவிட்டாள் என்று நினைத்து அழுதது. அவளே அதை இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டு தன் சாவை வேடிக்கை பார்த்தாள். கொடுமை அதோடு முடியவில்லை. சாவு என்றால் செலவு இருக்கிறதே. தப்புக்காரனுக்குக் கூலி, குழி வெட்டினவனுக்குச் சாராயம், வந்தவனுக்கு வெற்றிலை பாக்கு. எல்லாம் அவளுடைய காசில். மீதியைத் தலைவர் ஒரு சதம் பிசகாமல் எண்ணி அவள் புருஷன் கையில் வைத்தபோது, பாதிக்கு மேல் கொஞ்சம்தான் இருந்தது. கொழும்புக்குப் போகிற காசை ஒரு வாழைத்தண்டு குடித்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டது. அன்றைக்கு நான் தலைவரைக் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது.

இருந்த காசுக்குப் புறப்பட்டார்கள். மலையில் அவளோடு கொழுந்து எடுக்கிற பெண்கள் பிள்ளைகளுக்கு முறைவைத்துச் சோறு போடுவதாகச் சொன்னார்கள். அவர்கள் தயவில்தான் அந்தப் பயணம் நடந்தது. லொறி இல்லை. கொழுந்துச் சாக்குகளை மூங்கிலில் தூளியாகக் கட்டி, நான்கு ஆண்கள் தோள் மாற்றித் தோள் மாற்றி அவளை ஸ்டேஷனுக்கு இறக்கினார்கள். அடைமழை. கால் வழுக்கிய ஒவ்வொரு தடவையும் அவள் முனகினாள். பாதி வழியில் தேயிலைப் பெட்டி ஏற்றிய எங்கள் தோட்டத்து லொறி எங்களைத் தாண்டி அதே ஸ்டேஷனுக்குப் போனது. நாங்கள் ஒதுங்கி வழிவிட்டோம்.

கொழும்பு வரை நானும் போனேன். அங்கே இருந்த பெரிய டாக்டர் பொறுமையாகப் பார்த்தார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, இதை ஏன் இவ்வளவு நாள் வைத்துக்கொண்டிருந்தீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். கழுத்துக்கு இறங்கிவிட்டதாம். இரண்டு மூன்று மாதம் முன்பு வந்திருந்தால் வேறு பேச்சு என்றார். அந்த மாதங்கள் எங்கே போயின என்று அவருக்கு நான் என்னவென்று விளக்குவது? ஆபீசில் போனது, பெஞ்சில் போனது, கோயில் வாசலில் போனது.

ஆனாலும் கரண்ட் வைத்தார்கள். கன்னம் கருகிப்போய், ஆனால் வலி குறைந்து, அவள் திரும்பி வந்தாள். குழைந்த சோறு தின்றாள். சில நாள் மலைக்கும் போனாள். லயத்தில் அவளுக்கு வாழையம்மா என்று பேர் வைத்துக் கேலி செய்தார்கள், அவளும் சேர்ந்து சிரித்தாள். அடுத்த மழைக்காலம் தொடங்கும்போது கழுத்தில் மறுபடி கட்டி எழும்பியது. இந்தத் தடவை யாரிடமும் எதையும் கேட்க வேண்டாம் என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் கலைந்து எல்லாரும் மலைக்குப் போயிருந்த ஒரு காலையில் போய்விட்டாள்.

தகவல் ஆபீசுக்குப் போன கொஞ்ச நேரத்தில், யாரும் கேட்காமலே, லயத்து வாசலில் லொறி வந்து நின்றது. நல்ல இழைத்த பலகை, ஆணியோடு. எங்களை மழையில் தாண்டிப் போன அதே லொறி. டிரைவரைத் திட்டுவதில் பிரயோசனம் இல்லை, அவன் பாவம், சொன்னதைச் செய்கிறவன். அவள் புருஷன் பலகையைத் தொடவில்லை. ஊர் முன்னால் அவள் சொன்ன சொல்லை மீறமாட்டேன் என்று, அவளைப் பாயிலேயே சுற்றி எடுத்துப்போனான். பெட்டி இல்லை, தப்பும் இல்லை. தப்புதான் ஏற்கெனவே வாழைக்கு அடித்தாயிற்றே என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

பலகை வாசலிலேயே கிடந்தது. மூன்றாம் நாள் நான் ஃபேக்டரித் தச்சரைக் கூப்பிட்டேன். நீளமாக, நாலு பக்கமும் தூக்கக் கைப்பிடி வைத்து, ஆள் படுக்கிற மாதிரி ஒரு கட்டில் செய்யச் சொன்னேன். அடுத்த மாதமே அது உதவியது. பிள்ளை குறுக்கே கிடந்து தவித்த ஒருத்தியை அதில் வைத்து டவுன் ஆஸ்பத்திரிக்கு இறக்கி, தாயையும் பிள்ளையையும் உயிரோடு திரும்பக் கொண்டுவந்தோம். அந்தக் கட்டிலை ஆபீஸ் வாசலைத் தாண்டித்தான் தூக்கிப் போக வேண்டும். பெரிய கிளாக்கர் பார்த்திருக்கிறார். மறுநாள் என்னைக் கூப்பிட்டு, பலகையின் விலையை என் சம்பளத்தில் கழிக்கப்போவதாகச் சொன்னார். எதற்கு என்று கேட்டேன்.

"அது சாவுக்குக் குடுத்த பலக, நர்ஸ். உசுரோட இருக்கிற ஆளுக்குத் தோட்டம் பலக குடுக்கிறதில்ல."

பிடித்துக்கொள்ளச் சொன்னேன். மூன்று மாதம் பிடித்தார்கள்.